ஷெரூட் என்ற பழைய ஆங்கிலச் சொல்: பொருள், பிறப்பு, சொல்லாட்டம் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பழைய ஆங்கில நாவல் படிப்பவர்கள், ஸ்கிராபிள் (எழுத்துக் கட்டைகளைப் பலகையில் அடுக்கி ஆங்கிலச் சொல் சேர்க்கும் ஆட்டம்) ஆடுபவர்கள், ஆங்கிலக் குறுக்கெழுத்து போடுபவர்கள் எல்லோரும் ஏதாவது ஒரு நாள் இந்தச் சொல்லில் வந்து முட்டிக்கொள்வார்கள். ஆங்கிலத்தில் சி, எச், இ, ஆர், ஓ, ஓ, டி என ஏழு எழுத்து. அதைப் பற்றி வழக்கமாக எழும் கேள்விகளும் அவற்றுக்கான பதில்களும் கீழே.

ஷெரூட் என்றால் என்ன?

இரண்டு முனையும் மொட்டையாக வெட்டிவிட்ட சுருட்டு. சிகாருக்கு வாயில் வைக்கும் பக்கம் குவிந்து மூடியிருக்கும். கத்தரித்துத்தான் புகைக்க வேண்டும். ஷெரூட்டுக்கு அந்த வேலை கிடையாது. வாங்கினோமா, பற்றவைத்தோமா என்று முடிந்துவிடும். முனையைக் கூம்பாக்கி மூடும் கைவேலை இல்லாததால் செய்வது சுலபம், விலையும் மலிவு.

அகராதிகள் இவ்வளவு கறாராகப் பிரித்தாலும் எழுத்தாளர்கள் அப்படிப் பார்ப்பதில்லை. இந்தியாவிலோ பர்மாவிலோ இருக்கும் வெள்ளைக்காரன் வாயில் புகைவது எதுவானாலும் ஷெரூட் என்று எழுதிவிடுவார்கள்.

எப்படி உச்சரிப்பது? செரூட்டா, ஷெரூட்டா?

ஷெரூட். அழுத்தம் 'ரூ'வில். 'சேர்', 'சீஸ்' போன்ற சொற்களின் பழக்கத்தில் 'செரூட்' என்று படிக்கத் தோன்றும். ஆனால் இந்த எழுத்துக்கூட்டல் பிரெஞ்சு வழியாக வந்தது. பிரெஞ்சில் சி-யும் எச்-சும் சேர்ந்தால் 'ஷ'. 'ஷெஃப்', 'மெஷின்' எல்லாம் அப்படி வந்தவைதான்.

இது தமிழ்ச் சொல் என்கிறார்களே, உண்மையா? இல்லை, எல்லாமே தமிழ் என்கிற வழக்கமான பெருமைப் பேச்சா?

சந்தேகம் நியாயம்தான். வாட்ஸ்அப்பில் சுற்றும் 'தமிழிலிருந்து போன ஆங்கிலச் சொற்கள்' பட்டியல்களில் பாதி ஆதாரம் இல்லாதவை. இது அந்த ரகம் அல்ல. முக்கியமான ஆங்கில அகராதிகள் இதற்குத் தமிழ் 'சுருட்டு' என்றே மூலம் காட்டுகின்றன. 1886இல் யூல், பர்னல் என்ற இருவர் வெளியிட்ட 'ஹாப்சன்-ஜாப்சன்' என்ற ஆங்கிலோ-இந்தியச் சொல்லகராதியும் புகையிலைச் சுருளைக் குறிக்கும் தமிழ்ச் சொல்லில்தான் இதைக் கொண்டுபோய் நிறுத்துகிறது.

கருத்து வேறுபாடு இருப்பது பாதையைப் பற்றித்தான். போர்த்துகீசியர் வாயிலிருந்து ஆங்கிலேயர் பிடித்தார்களா, பிரெஞ்சுக்காரர்களிடமிருந்தா? போர்த்துகீசிய மொழியில் சிகாருக்கு இன்றைக்கும் 'ஷருட்டு' என்பதுதான் சாதாரணச் சொல். லிஸ்பனிலோ சாவோ பாலோவிலோ ஒரு கடையில் போய் அப்படிக் கேட்டால் கொடுப்பார்கள். எந்தப் பாதையில் போனாலும் புறப்பட்ட இடம் சோழமண்டலக் கரைதான்.

ஒன்றை மறந்துவிடக் கூடாது. புகையிலை நம்மூர்ச் செடி இல்லை. அமெரிக்கக் கண்டத்திலிருந்து ஐரோப்பியர், முக்கியமாகப் போர்த்துகீசியர், கொண்டுவந்தது. ஆகவே 'சுருட்டு' என்ற வினை எவ்வளவு பழையதானாலும், புகைக்கும் பொருளுக்கு அது பெயரானது அவர்கள் வந்த பிறகுதான். இலையை அவர்கள் கொண்டுவந்தார்கள், சொல்லை நம்மிடமிருந்து எடுத்துப் போனார்கள். சங்க இலக்கியத்திலேயே சுருட்டு உண்டு என்று யாராவது கிளப்பினால் இதைச் சொல்லிப் பாருங்கள்.

ஆங்கிலத்தில் முதலில் எழுதியது யார்?

நமக்குக் கிடைக்கும் மிகப் பழைய குறிப்புகளில் ஒன்று தாமஸ் பௌரி என்ற கப்பல் வணிகருடையது. 1669 முதல் 1679 வரை வங்காள விரிகுடாவைச் சுற்றியுள்ள நாடுகளில் பார்த்ததையெல்லாம் எழுதி வைத்தார். அந்தக் கையெழுத்துப் பிரதி 1905இல்தான் அச்சேறியது.

இங்குள்ள ஏழை மக்கள் புகையிலையை எப்படிப் புகைக்கிறார்கள் என்று அவர் விளக்கும் இடம் சுவாரசியமானது. இலையை வெறுமனே சுருட்டி, ஒரு முனையைக் கொளுத்தி, மறுமுனையை உதடுகளுக்கு நடுவே வைத்து இழுக்கிறார்கள், போர்த்துகீசியர் இதைச் 'செரூட்டா' என்கிறார்கள் என்று எழுதுகிறார். எந்தப் பக்கம் கொளுத்துவது, எந்தப் பக்கம் வாயில் வைப்பது என்று ஒரு மனிதர் இவ்வளவு மெனக்கெட்டுச் சொல்லக் காரணம் இருக்கிறது. அன்றைய இங்கிலாந்தில் புகை என்றால் களிமண் குழாய்தான். இலையையே சுருட்டிக் கொளுத்துவது அவர் வாசகர்களுக்குப் புதிது. மலிவான வழி என்று கொஞ்சம் முகம் சுளித்தாலும், ஆதியில் இப்படித்தான் புகைத்திருப்பார்கள் என்றும் ஒரு வரி சேர்க்கிறார்.

'சிகார்' என்ற சொல் ஆங்கில எழுத்தில் தலைகாட்டுவது 18ஆம் நூற்றாண்டில். அதற்கு முன்பே ஷெரூட் வந்துவிட்டது.

ஷெர்லாக் ஹோம்ஸ் கதையில் திருச்சி வருகிறதாமே?

வருகிறது. 1887இல் வெளியான முதல் ஹோம்ஸ் கதையான 'எ ஸ்டடி இன் ஸ்கார்லெட்'டில், தரையில் கிடந்த சாம்பலைப் பார்த்தே கொலைகாரன் புகைத்தது 'ட்ரிச்சினாப்பொலி' சிகார் என்று ஹோம்ஸ் சொல்லிவிடுவார். சிகார்ச் சாம்பல் வகைகளைப் பற்றித் தனியாக ஒரு கட்டுரையே எழுதியிருப்பதாகவும் பீற்றிக்கொள்வார். லண்டன் வாசகர்களுக்கு அந்த ஊர்ப் பெயரை விளக்கவே வேண்டியிருக்கவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். திருச்சி என்றால் சுருட்டு என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. ஆங்கிலோ-இந்தியப் பேச்சில் திருச்சிச் சுருட்டுகளுக்குச் செல்லமாக 'ட்ரிச்சீஸ்' என்றே பெயர். கோதாவரி ஆற்றின் நடுத்திட்டுகளான லங்கைகளில் விளைந்த புகையிலைச் சுருட்டுகளுக்கு 'லங்கா'. அதையும் 1890இல் வந்த இரண்டாவது ஹோம்ஸ் கதையில் பார்க்கலாம்.

திருச்சியில் இந்தத் தொழிலின் மையம் உறையூர். சோழர் தலைநகராக இருந்த அதே உறையூர்தான். திண்டுக்கல்லிலும் பெரிய அளவில் நடந்தது; ஸ்பென்சர் நிறுவனத்தின் சுருட்டுத் தொழிற்சாலை அங்கே இருந்தது. வின்ஸ்டன் சர்ச்சில் திருச்சிச் சுருட்டுப் பிரியர் என்று திருச்சிப் பக்கம் பெருமையாகச் சொல்வார்கள். அவர் படங்களில் வாயில் இருப்பது பெரும்பாலும் கியூபச் சிகார் என்பதால் அந்தப் பெருமையைக் கொஞ்சம் தள்ளுபடி செய்தே எடுத்துக்கொள்கிறேன்.

பர்மாச் சுருட்டும் இதுவும் ஒன்றா?

ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே பெயர்தான், பொருள் வேறு. நம்மூர்ச் சுருட்டு முழுக்கப் புகையிலை, கறுப்பு, காரம். பர்மாவின் வெளிர்நிறச் சுருட்டில் புகையிலைத் தூளோடு மரச் சீவலும் கலந்திருக்கும். மேலே சுற்றுவது புகையிலை அல்ல, தனட் என்ற மரத்தின் இலை. அடியில் சோளத்தோகைச் சுருளை வடிகட்டியாக வைப்பார்கள். இன்லே ஏரிப் பக்கம் பெண்கள் உட்கார்ந்து சுற்றுவதை இன்றும் சுற்றுலாப் பயணிகள் படம் எடுக்கிறார்கள்.

ஆங்கிலக் கவிதை வாசகர்களுக்கு இந்தச் சொல் அறிமுகமானது பெரும்பாலும் கிப்ளிங்கின் 'மாண்டலே' வழியாக. 1890இல் வந்த அந்தக் கவிதையில் பர்மியப் பெண் புகைப்பது ஒரு பெரிய வெள்ளை ஷெரூட். தமிழ்ச் சொல் ஒன்று, பர்மியப் பொருளுக்குப் பெயராகி, ஆங்கிலக் கவிதையில் 'ரூட்' என்ற ஓசைக்காக எதுகை பிடித்து உட்கார்ந்திருக்கிறது.

யாழ்ப்பாணச் சுருட்டு?

அதையும் ஆங்கில ஆவணங்கள் ஷெரூட் என்றே எழுதும். யாழ்ப்பாணத்தில் புகையிலை பெரும் பணப்பயிர். 19ஆம் நூற்றாண்டில் அங்கிருந்து திருவிதாங்கூருக்குக் கப்பலில் போனது. சுருட்டுகள் சிங்கள ஊர்க் கடைகளுக்குப் போயின. வேலை நடக்கும் இடத்துக்குச் 'சுருட்டுக் கொட்டில்' என்று பெயர். கை வேலை செய்யும்போது காது சும்மாதானே இருக்கிறது என்று, ஒருவர் உரக்கப் பத்திரிகை வாசிக்க மற்றவர்கள் கேட்டுக்கொண்டே சுற்றும் வழக்கமும் அங்கே இருந்தது. கியூபாவின் சிகார் ஆலைகளிலும் இதே வழக்கம் உண்டு. ஒருவரைப் பார்த்து ஒருவர் கற்றதாகத் தெரியவில்லை. அலுப்பான வேலை இரண்டு இடத்திலும் ஒரே யோசனையைக் கொடுத்திருக்கிறது.

இன்றைய ஆங்கிலத்தில் பயன்படுத்தலாமா?

பேச்சில் வேண்டாம். காலனிக் காலத்து வாசனை அடிக்கும். சிகார் பிரியர்களும் கடைக்காரர்களும் மட்டும் வகைப்பெயராகச் சொல்வார்கள். சரித்திர நாவல் எழுதுகிறீர்கள், 1880இல் சென்னை கிளப் வராந்தாவில் ஒரு கர்னல் உட்கார்ந்திருக்கிறார் என்றால் தாராளமாக அவர் கையில் ஒன்றைக் கொடுங்கள்.

சிகரெட்டைவிடச் சுருட்டு பரவாயில்லை என்கிறார்களே?

இல்லை. புகையை உள்ளே இழுக்காவிட்டாலும் வாயிலும் தொண்டையிலும் புற்றுநோய் வர வாய்ப்பு உண்டு. ஆந்திரக் கடற்கரை மாவட்டங்களில் கொளுத்திய முனையை வாய்க்குள் வைத்துப் புகைக்கும் பழக்கம் பெண்களிடையே உண்டு. மேல்அண்ணப் புற்றுநோயோடு அதற்குள்ள தொடர்பு மருத்துவ நூல்களில் பதிவாகியிருக்கிறது. இந்தச் சொல்லை ஸ்கிராபிள் பலகையில் வைத்துக்கொள்வதே உத்தமம்.

ஸ்கிராபிளில் செல்லுமா? எத்தனை புள்ளி?

செல்லும். பன்மைக்குக் கடைசியில் எஸ் சேர்க்கலாம். வினைச்சொல்லாக்கி 'ஷெரூட்டட்', 'ஷெரூட்டிங்' என்று நீட்டினால் எதிராளி சவால் விட்டுத் தூக்கிவிடுவார்.

சி-க்கு 3, எச்-சுக்கு 4, மற்ற ஐந்துக்கும் ஒவ்வொன்று; மொத்தம் 12. கையிலுள்ள ஏழு எழுத்துக் கட்டைகளும் ஒரே ஆட்டத்தில் இறங்குவதால் 50 போனஸ். ஆக, பலகையின் சலுகைக் கட்டங்களைச் சேர்க்காமலே 62.

முதல் ஆட்டமே உங்களுடையது, கையில் இது வந்திருக்கிறது என்றால் எங்கே வைப்பது என்பதில்தான் கணக்கு. பலரும் யோசிக்காமல் நடு நட்சத்திரத்திலிருந்து தொடங்கிவிடுவார்கள். நடு வரிசையில் இடமிருந்து மூன்றாவது கட்டத்தில் சி-யை வையுங்கள். எச் நான்காவது கட்டத்தில் விழும். அது எழுத்து இரட்டிப்புக் கட்டம், 4 என்பது 8 ஆகும். இரண்டாவது ஓ சரியாக நட்சத்திரத்தில் உட்காரும். சொல் முழுவதும் இரட்டிப்பு. 16-இன் இருமடங்கு 32, போனஸோடு 82. முதல் ஆட்டத்தில் இந்தச் சொல்லுக்குக் கிடைக்கக்கூடிய அதிகபட்சம் அதுதான். நட்சத்திரத்திலிருந்து தொடங்கினால் 76.

கையில் எழுத்து கலைந்து கிடக்கும்போது இதை எப்படிக் கண்டுபிடிப்பது?

இந்த ஏழுக்குள் ஒளிந்திருக்கும் ஆறெழுத்துச் சொற்களை நினைவில் வைத்துக்கொள்வதுதான் வழி. 'ஹூட்டர்' கண்ணில் பட்டு, மிச்சம் ஒரு சி இருந்தால் ஷெரூட். 'கோஹார்ட்' தெரிந்து, மிச்சம் இ இருந்தாலும் ஷெரூட். 'ஹெக்டர்' (மிரட்டு என்று பொருள் வரும் வினை, செல்லும்) கூட ஒரு ஓ இருந்தாலும் அதுவே. கோஹார்ட் வைத்தால் 11 புள்ளி, கையில் ஒரு இ அநாதையாக நிற்கும். அதே எழுத்துகளுக்கு 62 கிடைக்கும்போது அந்த 11-ஐ யார் எடுப்பார்கள்? ஆனால் எடுக்கிறார்கள். கோஹார்ட் தினமும் செய்தியில் அடிபடுகிற சொல், ஷெரூட் தாத்தா காலத்துச் சொல். கண் பழகியதைத்தான் முதலில் பிடிக்கும்.

ஹெக்டரின் அதே ஆறு எழுத்துகளில் இன்னும் நான்கு சொற்கள் கிடக்கின்றன: மருந்து வில்லை ஒன்று, பிஷப் அணியும் வெள்ளை அங்கி ஒன்று, வடகடல் பறவை ஒன்று, ஸ்காட்லாந்தில் வரதட்சணைக்கு வழங்கும் 'டாக்கர்' ஒன்று. போட்டி ஆட்டக்காரர்கள் இவற்றை மனப்பாடமாக வைத்திருப்பார்கள். பொழுதுபோக்காக ஆடுபவர்களுக்கு ஹூட்டரும் கோஹார்ட்டும் போதும்.

எஸ்-சில் தொடங்கும் 'ஷெரூட்' ஒன்று இருக்கிறதாமே?

சி-க்குப் பதில் எஸ் போட்டு எழுதும் பழைய வடிவம் அது. ஸ்கிராபிளில் செல்லும் சொற்களுக்கான அமெரிக்கா, கனடா பட்டியலில் கிடையாது. உலகின் மற்ற இடங்களில் ஆடப்படும் காலின்ஸ் பட்டியலில் செல்லும். இந்தியாவிலும் இலங்கையிலும் போட்டிகளில் காலின்ஸ்தான் என்பதால் நமக்கு லாபம்.

இருந்தாலும் இது தேவைப்படுவது அபூர்வம். அதே ஏழு எழுத்தில் 'ஷூட்டர்', 'ஹூட்டர்ஸ்', 'ரீஷூட்', 'சூதர்' என்று நான்கு சொற்கள் ஏற்கெனவே வரிசையில் நிற்கின்றன. பலகையில் ஏற்கெனவே கிடக்கும் சொல்லோடு ஒட்டவைக்க, குறிப்பிட்ட இடத்தில் குறிப்பிட்ட எழுத்து வந்தாக வேண்டிய நெருக்கடியில்தான் ஐந்தாவது சொல்லுக்கு வேலை.

குறுக்கெழுத்தில் எப்படியெல்லாம் வரும்?

நேரடிக் குறிப்பு என்றால் 'இந்தியச் சிகார்', 'திறந்த முனைச் சிகார்' என்று வரும். அதில் சுவை இல்லை. ஆங்கில நாளிதழ்களில் வரும் மறைபொருள் குறுக்கெழுத்தில்தான் (குறிப்பிலேயே பொருளும், எழுத்துகளைச் சேர்க்கும் வழியும் ஒளிந்திருக்கும் வகை) இந்தச் சொல் ஜொலிக்கும். காரணம், இதை உடைக்க மூன்று வழி இருக்கிறது, மூன்றுமே புகைக்குப் பொருத்தமானவை.

முதல் வழி, ஒன்றுக்குள் ஒன்றை வைப்பது. 'காட்' என்ற கட்டிலுக்குள் 'ஹீரோ'வைப் படுக்கவைத்தால், அதாவது சி-க்கும் ஓ-டி-க்கும் நடுவே எச்-இ-ஆர்-ஓ போட்டால், ஷெரூட். 'சிகார் ஃபார் ஹீரோ இன் காட்' என்று குறிப்பு எழுதலாம். கட்டிலில் படுத்துப் புகைக்கும் கதாநாயகன் என்றுதான் வாசிப்பவர் நினைப்பார்.

இரண்டாவது, சே-யும் ரூட்டும். முதல் மூன்று எழுத்து சே குவேராவின் 'சே', மீதி நான்கு வேர் என்ற 'ரூட்'. 'ஸ்மோக் ஃப்ரம் ரெவல்யூஷனரி சோர்ஸ்'. கியூபா, புரட்சி, சிகார் என்று எல்லாம் தானாகவே வந்து பொருந்துகிறது.

மூன்றாவதுதான் எனக்குப் பிடித்தது. எழுத்துகளைக் கலைத்தால் 'ஹாட் கோர்' வருகிறது, சூடான நடுப்பகுதி. எரிகிற சுருட்டை இதைவிடச் சுருக்கமாக வர்ணிக்க முடியாது. 'சிகார்ஸ் ஸ்மோல்டரிங் ஹாட் கோர்' என்று எழுதினால் முதல் சொல் பொருள், இரண்டாவது 'கலை' என்ற கட்டளை, மற்ற இரண்டும் மூல எழுத்துகள். குறிப்பில் வீண் சொல் ஒன்றுகூட இல்லை. 'எக்கோ ராட்', 'அதர் கோ' என்றும் கலைக்கலாம், சுமார்தான்.

வேர்டில், ஸ்பெல்லிங் பீ என்ற இணையச் சொல்லாட்டங்களில்?

வேர்டிலில் ஐந்தெழுத்துதான் என்பதால் இடமே இல்லை. ஸ்பெல்லிங் பீயில் வெவ்வேறான ஏழு எழுத்தும் வந்தால்தான் முழுச்சொல் போனஸ். இதில் ஓ இரண்டு முறை வருவதால் வேறுபட்ட எழுத்து ஆறுதான்.

தமிழ்ச் சொல்லாட்டத்தில் 'சுருட்டு'?

நான்கு கட்டம்: சு, ரு, ட், டு. முதல் எழுத்தை மட்டும் மாற்றும் ஏணி ஆட்டத்துக்கு அருமையான சொல். உருட்டு, இருட்டு, திருட்டு, குருட்டு என்று போய்க்கொண்டே இருக்கலாம். பொருள் இரண்டு இருப்பதால் குறிப்பு எழுதவும் வசதி. 'பாயையும் பிறர் பணத்தையும் இப்படிச் செய்யலாம். முனியாண்டிக்கும் படைக்கலாம் (4)' என்று ஒன்று போட்டுப் பாருங்கள். தென்மாவட்டக்காரர்கள் கடைசிப் பாதியிலேயே பிடித்துவிடுவார்கள். கருப்பசாமிக்கும் முனியாண்டிக்கும் சாராயத்தோடு சுருட்டு வைக்காமல் படையல் ஏது?

ஸ்கிராபிளில் பயன்படும் வேறு தமிழ்ச் சொற்கள்?

'வெட்டிவேர்' ஆங்கிலத்தில் ஏழு எழுத்து, இரண்டு வி, 13 புள்ளி. ஒரே ஆட்டத்தில் இறக்கினால் போனஸும் உண்டு. 'கஞ்சி'யை ஜே போட்டு எழுதும் வடிவம் ஆறெழுத்து, 15 புள்ளி. அதில் 8 ஜே-யிலிருந்தே வருகிறது. 'பந்தல்' 9. 'கட்டமரான்' ஒன்பதெழுத்து, 'மிளகுத்தண்ணி' பன்னிரண்டு. இவை இரண்டும் பலகையில் விழுந்து பார்ப்பது கஷ்டம். அதிகம் கைகொடுப்பது 'அணைக்கட்டு' சுருங்கிப்போன 'அனிகட்'. கல்லணையை வெள்ளைக்காரர்கள் 'கிராண்ட் அனிகட்' என்றுதான் எழுதினார்கள். ஆறெழுத்து, 8 புள்ளி; மூன்று உயிரெழுத்து கையில் தேங்கி நிற்கும்போது காலிசெய்ய உதவும். கலைத்தால் 'நாட்டிக்' வரும். காலின்ஸில் அதுவும் செல்லும்.